கீழ்த்தளம் கேட்டவளுக்கு நாலாவது மாடி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

என்னுடைய வேறொரு கதை ஓர் இணைய இதழில் வந்திருந்தது. வந்த அன்று மாலையே ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "உங்க கதையைக் கேட்டேன்" என்றார். படித்தேன் என்று சொல்லவில்லை. அவருக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை வைத்துத்தான் எதையும் வாசிப்பாராம்.

"ஒரே ஒரு சந்தேகம். அந்தம்மா செத்துப்போறதை எதுக்கு எடுத்தவுடனே சொல்லிட்டீங்க? அப்புறம் பாதிச் சண்டை வருது. அப்புறம் உங்க போட்டோவுக்குக் கீழ இருக்கற குறிப்பு வருது. அதுக்கப்புறம்தான் கதையே ஆரம்பிக்குது. புது மாதிரி எழுதிப் பாக்கறீங்களோ?"

கிண்டல் என்றுதான் நினைத்தேன். கணினியைத் திறந்து பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. தலைப்பு மேலே, தொடக்கம் அதன்கீழே, அந்த அம்மாள் கடைசியில்தான் சாகிறாள்.

"இல்லீங்களே, வரிசையாத்தானே இருக்கு?"

"உங்க கண்ணுக்கு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதழில் விசாரித்தேன். அவர்கள் பக்கங்களை எழுதுவதில்லையாம், இழுத்து வைக்கிறார்களாம். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டி, சுட்டியால் பிடித்து, வேண்டிய இடத்தில் கொண்டுபோய் விட்டால் போதும். பக்கம் செய்தவர் என் கதையின் முடிவை முதலில் ஒட்டியிருக்கிறார், அது சின்னதாக இருந்ததால். மற்றவற்றை ஒவ்வொன்றாக ஒட்டி அதற்கு மேலே நகர்த்தியிருக்கிறார். பார்க்கிறவருக்குப் பெட்டி நிற்கும் இடம் தெரிகிறது. கேட்கிறவருக்குப் பெட்டி வந்த வரிசைதான் தெரிகிறது. நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டிய கதை, ஒருவர் ஒட்டிய வசதிப்படி சொல்லப்பட்டிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை (இந்தக் கோபம் யார்மேல் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை, ஆகவே இந்த அடைப்புக்குறியை இப்போதைக்குத் திறந்தே வைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மழை விட்டிருந்த ஒரு மாலையில், கண்ணாடிச் சன்னலோரம் அமர்ந்து அவள் திரையையே பார்த்துக்கொண்டு

[நிறுத்திவிட்டேன். மழைக்கும் இணையப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கைப்பழக்கம், வேறொன்றுமில்லை.]

இரண்டாம் தொடக்கம்: எச்.டி.எம்.எல். என்பது இணையப் பக்கங்கள் எழுதப்படும் மொழி. அதை முறைப்படி எழுதுவதால் விளையும் நன்மைகள் பின்வருமாறு

[இதற்குக் கதை எதற்கு? பாடப்புத்தகம் போதுமே.]

மூன்றாம் தொடக்கம்: டீயை ஒரு மடக்குக் குடித்ததும் அக்கா அப்படியே துப்பினாள்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இங்கிருந்தே போகிறேன்.

டீயில் உப்பு. காரணம் தங்கை. தங்கைக்கு அலுவலகத்தில் 'பிக்சல்' என்று பெயர். திரையில் ஒரு புள்ளி இடம் பிசகினாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். இணையப் பக்கங்களை வடிவமைப்பது அவள் தொழில். வீட்டிலும் அந்தக் கண் ஓய்வதில்லை. முதல் நாள் சமையலறை அலமாரியைப் பார்த்திருக்கிறாள், பொறுக்கவில்லை. நசுங்கிய டப்பா, உயரமான பாட்டில், மூடி பொருந்தாத ஜாடி எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு, ஒரே அளவில் ஒரே நிறத்தில் டப்பாக்கள் வாங்கி, நூல் பிடித்த மாதிரி அடுக்கிவிட்டாள்.

அக்காவுக்குக் கண் தெரியாது. நசுங்கிய டப்பா உப்பு, மூடி பொருந்தாதது சர்க்கரை. அவள் கைக்குத் தெரிந்த அலமாரி ஒரே ராத்திரியில் காணாமல் போய்விட்டது.

"ஐயோ, சொல்ல மறந்துட்டேங்கா. இரு, நான் வேற போட்டுத் தர்றேன்."

"வேணாம். நீ போட்டுத் தர்ற டீ வேணாம், நீ எடுத்துக் குடுக்கற புடவை வேணாம், நீ தேச்சு வெக்கற செருப்பு வேணாம். எனக்குன்னு ஒரு அலமாரி வேணும்டி. அதுல நீ கை வெக்கக் கூடாது."

"என்னக்கா, ஒரு டப்பாவுக்குப் போயி…"

"டப்பாவுக்குத்தான். அலமாரி வேணும்னா செவுரு வேணும். செவுரு வேணும்னா வீடு வேணும். நான் தனியாப் போறேன்."

சொல்லிவிட்டு உப்பு டீயை மீதியும் குடித்தாள். பிடிவாதத்தில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

3

வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் அக்கா தன் சம்பளத்தில் சேர்ந்திருந்தாள். பேருந்து நிறுவனம் ஒன்றில் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்வது அவள் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கத்துவதைக் கேட்டுவிட்டு, "உங்க புகார் பதிவாயிடுச்சு" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தன் பங்குக்குக் கத்துவாள்.

சங்கம் புதுக் கட்டடம் கட்டி முடித்திருந்தது. வருகிற திங்கட்கிழமை காலை உறுப்பினர்கள் இணையத்தில் தங்கள் வீட்டைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். முந்துகிறவருக்கு முதல் உரிமை. ஒரு முறை தேர்ந்தெடுத்தால் மாற்ற முடியாது.

அந்தப் பக்கத்தை வடிவமைக்கும் வேலை பிக்சலின் அலுவலகத்துக்குத்தான் வந்தது.

[தற்செயல் என்று முகம் சுளிக்காதீர்கள். ஊரில் இருப்பதே இரண்டு மூன்று அலுவலகங்கள். தவிர, இது என் கதை.]

பிக்சல் எச்.டி.எம்.எல். எழுதியதே இல்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவள் அலுவலகத்திலும் இழுத்து வைக்கும் கருவிதான். படத்தைப் பிடித்து இங்கே, எழுத்தைப் பிடித்து அங்கே. உள்ளே கோடு, அதாவது கணினிக்கான குறிமொழி, எப்படி எழுதப்படுகிறது என்பது கருவியின் கவலை. இதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதும் கிடையாது.

வெட்கப்பட வைக்கப் பார்ப்பவர் ஒருவர் அதே அறையில் இருந்தார். பெயர் 'சைபர்'. கையால்தான் கோடு எழுதுவார். எழுதியதைப் பிழை எண்ணும் சரிபார்ப்பானில் போட்டு, "பிழை: பூஜ்யம்" என்று வருவதை நாலு பேருக்குக் காட்டாமல் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

"உங்க பக்கத்தை உள்ள போயிப் பாத்தேன். குப்பைமேடு. தொறந்த டேக் ஒண்ணைக்கூட ஒழுங்கா மூடல."

"வெளிய எப்படி இருக்கு?"

"வெளிய நல்லாத்தான் இருக்கு."

"அப்ப வெளியவே நில்லுங்க. உள்ள யாரு உங்களைக் கூப்பிட்டா? சார், நான் போர்டு எழுதற கடையிலேர்ந்து வந்தவ. இந்தக் கருவி இல்லைன்னா என்னை இந்த அறைக்குள்ளயே விட்டிருக்க மாட்டீங்க. உங்க மொழி தெரிஞ்சாத்தான் உள்ள வரலாம்னு கதவுல எழுதி வெச்சிருந்தீங்க. நான் சன்னல் வழியா வந்தேன். அதுல என்ன குத்தம்?"

நான் இந்த இடத்தில் பிக்சல் பக்கம்தான். எழுதும்போது கைதட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் சைபர் சொன்னது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். எச்.டி.எம்.எல்.லில் எதையும் டேக் என்கிற குறியால் பேர் சொல்லித் திறந்து, பேர் சொல்லி மூட வேண்டும். 'இதோ தலைப்பு', 'தலைப்பு முடிந்தது'. 'இதோ பட்டியல்', 'பட்டியல் முடிந்தது'. மூட மறந்தால் பிரவுசர் சண்டைக்கு வராது. மறந்திருப்பார், பாவம் என்று தானே ஊகித்துக்கொண்டு ஏதோ ஒன்றைக் காட்டிவிடும். முதல் பகுதியில் நான் திறந்த அடைப்புக்குறியை இன்னும் மூடவில்லை. நீங்களும் ஒன்றும் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். அந்த மாதிரிதான்.

பிக்சல் அந்தப் பக்கத்தைக் கட்டடம் போலவே செய்தாள். நாலாவது மாடி உச்சியில், கீழ்த்தளம் அடியில். மாடிக்கு ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம், பக்கத்தில் விவரம், அதற்கு நேராக 'தேர்வு செய்' என்று ஒரு பட்டன். பட்டன்கள் ஒரு புள்ளிகூட விலகக் கூடாதென்று அவற்றை மட்டும் ஒரே தொகுப்பாகக் கட்டி வைத்தாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மேனேஜர் வந்தார். "பிரமாதம். ஆனா கீழ்த்தளத்தைத்தான் எல்லாரும் கேப்பாங்க. அதை மேல கொண்டு வாங்க."

பிக்சல் விவரப் பெட்டிகளுக்குள் இருந்த எழுத்தை அழித்துவிட்டு, அதே பெட்டிகளில் கீழ்த்தளம் முதலில் வரும்படி புதிதாக ஒட்டினாள். பட்டன்களை மறுபடி செய்யச் சோம்பல். சும்மா பிடித்து இழுத்து, அந்தந்த வீட்டுக்கு நேராக நிறுத்திவிட்டாள். கண்ணுக்கு எல்லாம் சரி.

உள்ளே பட்டன்களின் வரிசை மாறவில்லை. நாலாவது மாடியின் பட்டன்தான் இன்னமும் முதலில் இருந்தது.

4

வியாழக்கிழமை காலை சோதனைப் பக்கத்தை வீட்டில் திறந்து காட்டினாள். டப்பா விவகாரத்துக்குப் பரிகாரம் போல இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

"அக்கா, உன் வீட்டை நீயே எடுத்துப் பாரு. சும்மா ஒத்திகைதான்."

அக்கா இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். தன் மென்பொருளுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'வாயாடி'. வாயாடி படிக்கத் தொடங்கினாள். கீழ்த்தளம், தனி வாசல், பேருந்து நிறுத்தம் அருகில். முதல் மாடி, இரண்டு சன்னல். இப்படியே நாலாவது மாடி வரை போய், பால்கனி உண்டு, லிஃப்ட் இல்லை என்று முடித்தாள். அதன்பிறகு ஒரு மூச்சு விட்டு, "தேர்வு செய். தேர்வு செய். தேர்வு செய். தேர்வு செய். தேர்வு செய்" என்றாள்.

அக்கா நெற்றியைச் சுருக்கினாள். முதலில் கேட்ட வீட்டுக்கு முதல் பட்டனாகத்தானே இருக்கும்? அதை அமுக்கினாள்.

"வாழ்த்துகள். நாலாவது மாடி வீடு உங்களுக்கு ஒதுக்கப்பட்டது."

பிக்சல் பாய்ந்து வந்தாள். "என்னக்கா, மாத்தி அமுக்கிட்டியா?"

"நான் மாத்தி அமுக்கல. நீ மாத்தி வெச்சிருக்கே."

"இங்க பாரு, கீழ்த்தளத்துக்கு நேராத்தான் பட்டன் இருக்கு!"

"எங்க பாக்கச் சொல்றே?"

பிக்சல் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். மெல்லச் சொன்னாள்: "சரி விடுக்கா. திங்கக்கிழமை நானே பக்கத்துல உக்காந்து அமுக்கித் தர்றேன். உனக்குக் கீழ்த்தளம்தானே வேணும்?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"எனக்கு என்ன வேணும்னு உனக்கு எப்படித் தெரியும்? கண்ணுதான் தெரியாது, காலுக்கு என்னடி கேடு? நாலு மாடி ஏற மாட்டேனா? இன்னிக்கு ஒத்திகைன்னு கீழ்த்தளத்தைக் கேட்டேன், நாலாவது வந்துச்சு. நாளைக்கு நாலாவதைக் கேட்டுக் கீழ்த்தளம் வந்தாலும் இதே கோபம்தான் வரும். பட்டன் சொன்னதைச் செய்யணும். அவ்வளவுதான். உன்னை விட்டுப் போறதுக்குன்னு வீடு எடுக்கறேன், அதையும் நீயே எடுத்துக் குடுப்பியா?"

காதிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். அலுவலகக் குரலில் சொன்னாள்: "உங்க புகார் பதிவாயிடுச்சு."

5

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு அக்காவைப் பற்றி யோசித்தேன். கதையில் கண் தெரியாத ஒருவர் வந்தால் வாசகர் கைக்குட்டையை எடுத்துவிடுவார். எழுதுகிறவனுக்கு அது சுலபமான வருமானம். அக்காவை வேறு யாராகவாவது மாற்றலாமா? எழுத்தை அளவுக்குமேல் பெரிதாக்கிப் படிக்கும் முதியவராக? கையில் கட்டு போட்டவராக? எழுதிப் பார்த்தேன்.

கையில் கட்டுப் போட்டிருந்த அத்தான், சுட்டியைப் பிடிக்க முடியாமல்

வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. தூக்கிவிட்டேன்.

முதலில் அழைத்தாரே, அவரையே அழைத்துக் கேட்டேன். "உங்களை மாதிரி ஒருத்தரை வெச்சு எழுதறேன். பரவால்லையா?"

"ரெண்டு விஷயம். யாரும் பாவம்னு சொல்லக் கூடாது. அவங்க பெரிய ஞானி மாதிரி பேசவும் கூடாது. கண் போனா ஞானம் வரும்னு யாரு கெளப்பி விட்டாங்களோ தெரியல, எனக்கு ஒண்ணும் வரல."

ஆகவே பதிவு செய்கிறேன்: அக்கா ஞானி இல்லை. பக்கத்து வீட்டுத் தொலைபேசிப் பேச்சைச் சுவரில் காது வைத்து ஒட்டுக்கேட்பாள். தங்கையின் முகப்பூச்சைத் தான் எடுக்கவே இல்லை என்று முகம் மணக்க மணக்கச் சத்தியம் செய்வாள்.

6

அன்றைக்கே பிக்சல் அலுவலகம் போய்ப் பக்கத்தின் உள்ளே போய்ப் பார்த்தாள். சைபர் சொன்னது பொய்யில்லை. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி, எதற்கும் பேரில்லை. தலைப்பு என்று அவள் நினைத்தது உள்ளே தலைப்பே இல்லை, பெரிதாக்கிய வெறும் எழுத்து. பட்டன் என்று நினைத்தது நிறமடித்த பெட்டி. தான் எழுதும் பலகைக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்பதையே இத்தனை நாளும் யோசித்ததில்லை என்று நினைத்தாள், நிஜமாகவே வெட்கப்பட்டாள். சைபரிடம் மட்டும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

சைபருக்கு விஷயம் தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. "நான் சொன்னேனா இல்லையா? நகருங்க." தடதடவென்று தட்டினார், பட்டன்களில் இருந்ததை 'இங்கே' என்று சுருக்கினார். சரிபார்ப்பானில் போட்டார். பிழை பூஜ்யம். "இந்தாங்க, கொண்டுபோயி உங்க அக்காகிட்டக் காட்டுங்க."

வீட்டில் அக்கா வாயாடியைப் போட்டுக் கேட்டாள். "வரிசையாத்தான் படிக்குது. தலைப்பைத் தலைப்புன்னு சொல்லுது. ஆனா என்னடி இது, 'படம். படம். படம்.' எதோட படம்? அப்புறம் பட்டனெல்லாம் 'இங்கே, இங்கே'ங்குது. இங்கேன்னா எங்கே?"

பிக்சல் அந்த வாக்கியத்தை அப்படியே சைபரிடம் சொன்னாள்.

"அதெல்லாம் பிழைல வராது" என்றார் அவர்.

"சார், நானாவது கண்ணால பாத்தேன். நீங்க மார்க் மட்டும் பாத்திருக்கீங்க. ரெண்டு பேருமே கேக்கல."

அவர் எழுந்தார். போகும்போது, "தொறந்ததை மூடுங்க. அது முக்கியம்" என்றார். பிக்சல் தலையாட்டினாள்.

மிச்சத்தைத் தானே எழுதினாள். கருவி இல்லாத வெறும் எழுத்துத் திரையைத் திறந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, பேர் சொல்லித் திறந்து பேர் சொல்லி மூடி எழுதினாள். ஒரு தலைப்பை மூட மறந்துவிட்டாள். பக்கம் முழுக்கத் தலைப்பாகி, வாயாடி ஒவ்வொரு வரியையும் தலைப்பு தலைப்பு என்று அறிவிக்க, அக்கா சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கியது. கோபத்தில் இருக்கிறோம் என்பதை அந்த நேரம் இருவரும் மறந்திருந்தார்கள்.

இப்போது வீட்டு விவரமும் அதன் பட்டனும் ஒன்றாகவே இருந்தன. பட்டன் தன் பேரைத் தானே சொன்னது: 'நாலாவது மாடி வீட்டைத் தேர்வு செய்.' பிக்சல் திரையை அணைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை கேட்டாள். பிறகு திரையைப் போட்டாள். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, ஒரு அலங்காரம் கிடையாது. நேரமில்லை. அவள் செய்ததிலேயே அவலட்சணமான பக்கம் அதுதான், அதை அனுப்பியே தீருவது என்று முடிவு செய்துவிட்டாள்.

7

இனி மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வசனம் எல்லாம் நாடகம் போல வந்தது. அவருக்கு ஒரே ஒரு கவலை: சங்கத்தின் செயலாளர் ஏற்கெனவே அந்த அழகான பக்கத்தைப் பார்த்து மெச்சிவிட்டார்.

"இதென்ன, மொட்டையடிச்ச மாதிரி?"

"சார், பழைய பக்கம் தப்பான வீட்டைக் குடுக்குது."

"பாக்கறவங்களுக்குச் சரியாத்தானே குடுக்குது? கேக்கறவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க?"

"ஒருத்தங்க எங்க வீட்டுலயே இருக்காங்க."

"அவங்களுக்கு நீங்க அமுக்கிக் குடுத்துடுங்க."

பிக்சல் சிரித்தாள். இரண்டு நாளைக்கு முன்னால் அவளே சொன்ன பேச்சு அது.

அடுத்து அவள் செய்வதற்கு நான் எழுதிவைத்திருந்தவை: (அ) செயலாளர் முன்னால் திரையை அணைத்து, அவரையே காதால் கேட்டு வீடு எடுக்கச் சொல்கிறாள். அவர் திகைக்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (ஆ) வேலையை விட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி

[(அ) சினிமா. (ஆ) படியிறங்கினால் பக்கத்தை யார் மாற்றுவது?]

அவள் செய்தது இது. உட்கார்ந்தாள். தன் பழைய கருவியைத் திறந்தாள். அந்த அழகான பக்கத்தின் உச்சியில் ஒரு புதுப் பெட்டியை இழுத்து வைத்தாள். தனக்குப் பிடித்த எழுத்துருவை எடுத்து, நட்டநடுவில், ஒரு புள்ளி பிசகாமல் எழுதினாள்: 'இந்தப் பக்கம் கண் தெரிந்தவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குத் தப்பான வீடு கிடைக்கும்.'

"இந்தாங்க சார். இதை அனுப்பிடலாம்."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "விளையாடறீங்களா? அழிங்க அதை."

"பொய்யா எழுதியிருக்கேன்? பொய்னா அழிச்சுடறேன்."

"அழிங்கன்னு சொன்னேன்."

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, அவருக்கு இடம் விட்டாள். "நீங்களே அழிங்க சார். ஒரு தட்டுதான். அதுக்குத்தானே இந்தக் கருவி, யாரு வேணா செய்யலாம். இத்தனை வருஷம் இதை வெச்சுத்தான் சாப்பிட்டேன், இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த வரியை நான் அழிக்க மாட்டேன்."

மேனேஜர் குனிந்து சுட்டியைப் பிடித்தார். வரியைச் சொடுக்கினார். அதைச் சுற்றி நீலக் கட்டம் வந்தது. சைபர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த வரி சொல்வது நிஜம் என்று அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அழிப்பதற்கு அவர் விரல் வரவில்லை.

சுட்டியை விட்டுவிட்டார். "உங்க மொட்டைப் பக்கமே போகட்டும். செயலாளர் கத்தினா நீங்கதான் வாங்கிக்கணும்."

"வாங்கிக்கறேன்" என்றாள்.

செயலாளர் கத்தினார். அவள் வாங்கிக்கொண்டாள். அதை விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

8

திங்கட்கிழமை காலை அக்கா அறைக்குள் போனாள்.

"நீ உள்ள வந்தீன்னா நான் அமுக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

பிக்சல் சமையலறையில் நின்றாள். காதில் மாட்டவில்லை போலும், உள்ளே வாயாடி முணுமுணுப்பது கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. இந்த நேரம் எத்தனை பேர் அதே பக்கத்தில் இருப்பார்களோ. கீழ்த்தளம் போயிருக்குமோ. எதையாவது மூட மறந்திருப்பேனோ. கதவைத் தட்டலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தாள், திரும்பினாள்.

அலமாரி அவளுக்கு நேரே இருந்தது. நசுங்கிய டப்பாவைக் குப்பையிலிருந்து அக்கா மீட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அது அடுப்புப் பக்கம் கோணலாக நின்றது. பிக்சலின் கை தன்னாலே போய் அதை நேராக்கப் பார்த்தது. தொட்டுவிட்டாள். தொட்ட இடத்திலேயே விட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இப்போது முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன். கீழ்த்தளம் கிடைத்தது என்று ஒன்று. வீம்புக்கென்றே நாலாவது மாடியை எடுத்தாள் என்று ஒன்று. அவள் கேட்ட வீட்டை வேறொருவர் முந்திக்கொள்ள, நடுவில் ஏதோ ஒரு மாடி அமைந்தது என்று மூன்றாவது. மூன்றும் நன்றாகவே வந்திருக்கின்றன. எதை வைப்பது என்று தெரியாமல் மறுபடி அவரையே அழைத்தேன். கதை முழுவதையும் படித்துக் காட்டிவிட்டு, "நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

"எட்டு பாகம் எதுக்கு எழுதினீங்க?" என்று கேட்டார். "அவங்க வீட்டை நான் எதுக்கு எடுக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்றையும் அழித்துவிட்டேன். உங்களிடம் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுப்பது வழக்கம்தான். மன்னிக்கவும், கொடுக்க மாட்டேன். நீங்கள் நல்ல மனசோடு அவளுக்குக் கீழ்த்தளத்தை எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

என் கோபம் யார்மேல் என்பது இப்போது தெரிந்துவிட்டது. கருவிமேல் இல்லை. அடுத்தவர் பட்டனை அமுக்கித் தரத் துடிக்கும் கைமேல்தான், அதில் என் கையும் சேர்த்தி.

உள்ளே ஒரே ஒரு தட்டல் கேட்டது. வாயாடி ஒரு வாக்கியம் சொன்னாள். தாழ்ப்பாள் திறந்தது.

அக்கா வாசலில் நின்றாள்.

"நான் அமுக்கினதேதான் வந்துச்சு" என்றாள்.

"எந்த வீடுக்கா?"

அக்கா அலமாரியருகே போனாள். டப்பா ஒரு விரற்கடை நகர்ந்திருப்பது கைக்குத் தெரிந்தது. பழைய இடத்துக்கே அதைத் தள்ளி வைத்தாள்.

"சாமான் தூக்க வருவேல்ல? அப்பத் தெரிஞ்சுக்கோ.")